எந்த நாட்டுக் குவாச்சா?

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருளம்பலம் மாஸ்டர் போய்விட்டார் என்று எஸ்பியர்க்கிலிருந்து மச்சான் தொலைபேசியில் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அப்பாடா". மச்சான் அதைத் துக்கப் பெருமூச்சாக எடுத்துக்கொண்டு, "ஓம், பாயிலை கிடவாமல் போயிட்டார், குடுத்துவைச்ச மனுசன்" என்றான். நானும் அதைத்தான் சொல்லவந்ததாகக் காட்டிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மாஸ்டரிடம் நான் சொன்ன ஒரு பொய் இனி வெளியே வராது என்ற நிம்மதி அது.

நாங்கள் குடியிருக்கும் இக்காஸ்ட் ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் குவாச்சா மாஸ்டர். டென்மார்க்குக்கு வருமுன் சாம்பியாவின் கிழக்கு எல்லையில், சிப்பாட்டா என்ற ஊரில் கணக்குப் படிப்பித்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் மலாவி. சாம்பியாவின் பணத்துக்கும் குவாச்சா என்றுதான் பெயர், மலாவியின் பணத்துக்கும் குவாச்சா என்றுதான் பெயர். பெயர் ஒன்று, பெறுமதி வேறு. சனிக்கிழமைதோறும் எல்லை கடந்து வரும் லொறிக்காரர்களை விசாரித்து, ஒரு குவாச்சாவுக்கு எத்தனை குவாச்சா என்று கொப்பியில் எழுதிவைப்பார். ஏழு வருடம் இப்படி. எதற்கு என்று கேட்டேன். பாடப்புத்தகத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பவுணும் சிலிங்கும் இருந்ததாம். "பிள்ளையளின்ரை பொக்கற்றிலை இருக்கிற காசிலை கணக்குக் குடுத்தாத்தான் ஐசே, பிழைவிட்டா அவைக்கு நோகும்" என்றார்.

அந்தப் பக்கத்து மொழியில் குவாச்சா என்றால் விடிந்துவிட்டது என்று அர்த்தமாம். நாங்கள் ஒன்றாக வேலை செய்த துணித் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு உள்ளே வரும்போதே எல்லோருக்கும் "குவாச்சா" சொல்லிக்கொண்டு வருவார். எங்கள் மேற்பார்வையாளர் யென்ஸ் அதைத் தமிழ் வணக்கம் என்று நினைத்துவிட்டார். தமிழரைக் கண்ட இடமெல்லாம் அவரும் "குவாச்சா" என்றார். புதிதாக வந்த நாங்கள் அதை டெனிஷ் என்று நினைத்தோம். பன்மையில் ஒளிந்து என்ன பயன். கொமூன என்ற நகரசபை அலுவலகத்துக்குப் போய், மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணியைப் பார்த்துப் பெருமையாகக் "குவாச்சா" என்றவன் நான் ஒருவன்தான். அவர் என் பத்திரங்களை இரண்டு தரம் புரட்டிவிட்டு, எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று மறுபடி கேட்டார். மாஸ்டருக்குக் கதை எட்டியது. "அந்த மனுசி கேட்டதுதான் சரி. எந்த நாட்டுக் குவாச்சா எண்டு முதல் விசாரிக்கவேணும்."

அதற்குப் பிறகு அந்த வசனம் என்னை விடவேயில்லை. தேநீர் இடைவேளையில் ஊர்க்கதை விநியோகிப்பவன் நான். சிவா பிரெடெரிசியாவில் வீடு வாங்கிவிட்டானாம் என்று தொடங்கினால், மாஸ்டர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே "எந்த நாட்டுக் குவாச்சா?" என்பார். எங்களுக்குள் நாலு சிவா. என் சரக்கில் பாதி அந்தக் கேள்வியிலேயே படுத்துவிடும். ஒருநாள் அவர் பக்கத்தில் இல்லை. அன்று விவாகரத்து ஆகாத சிவாவின் மனைவிக்குக் கடைவாசலில் நின்று ஆறுதல் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு இன்னும் தேத்தண்ணி கிடையாது.

இனிப் பொய்யின் கதை. கணினி வகுப்புக்கு மூன்று கிழமை போய்விட்டு, எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று கதைத்துத் திரிந்த காலம். மாஸ்டர் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து, அட்டவணையாக அடித்துத் தரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் வைத்து அடித்தேன். மீன்குழம்புச் சட்டி சரிந்தது. மூன்று மாதத்துப் பக்கங்கள் ஒட்டிப்போயின. பிரித்தபோது எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. முன்னுக்கு உள்ள விலையையும் பின்னுக்கு உள்ள விலையையும் பார்த்து, இடையில் படிப்படியாக நானே இலக்கங்களை இறக்கிவிட்டேன். கொப்பியைத் துடைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். மாஸ்டர் அதை மணந்து பார்த்தார்.

"எல்லாம் கொப்பியிலை இருந்ததுதானே?"

"ஓம் மாஸ்டர்."

அன்றிலிருந்து கடையில் அவர் அரிசிப்பக்கம் நின்றால் நான் சவர்க்காரப்பக்கம் போவேன்.

அப்பாடா என்று சொல்லி ஒரு கிழமை ஆகவில்லை, மாஸ்டரின் மகள் அழைத்தாள். பாதி டெனிஷில், பாதி தமிழில் விஷயத்தைச் சொன்னாள். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டில், அதாவது நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த நினைவுப் புத்தகத்தில், அப்பாவின் அட்டவணையை முழுதாக அச்சிடப் போகிறார்களாம். அது அவருடைய விருப்பமாம். அட்டவணை சரி என்று மாமா நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றாள்.

மனுசன் ஏழு வருடம் வெயிலில் நின்று சேர்த்ததற்கு நடுவில் என் மீன்குழம்பு இலக்கங்கள், அதுவும் அச்சில், என் கையெழுத்தோடு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய், மாஸ்டரின் மனைவி மணியக்காவின் முன்னால் இருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அக்கா எழுந்து உள்ளே போனா. நான் அடித்துக் கொடுத்த தாள்களோடு திரும்பி வந்தா. அந்த மூன்று மாதத்தின் ஓரத்தில் மாஸ்டரின் பென்சில்: "இவன் போட்டது என்ரையிலும் பார்க்க நம்பும்படி இருக்கு."

"அந்த மூண்டு மாசமும் அவருக்கு மலேரியா" என்றா அக்கா. "கட்டிலை விட்டு எழும்பேல்லை, எந்த லொறிக்காரனைக் கேக்கிறது? அதுகள் அவரே தன்ரை பாட்டிலை போட்ட விலை. நீர் வந்து கேட்டாச் சொல்லுவம் எண்டு இருந்தவர். நீர்தான் கண்டா ஓடுறீர்."

ஐந்து வருடமாக என்னோடு அலைந்த பாரம் அந்தச் சோபாவிலேயே இறங்கியது. அக்கா சிரித்தா, நான் அழுதேன். பிறகு அவ அழ, நான் இரண்டு தட்டு பிட்டு சாப்பிட்டேன். இதை எல்லாம் எழுதச் சொன்னதும் அவதான்.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். ஊர்க்கதையை நிறுத்தமாட்டேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இனி விசாரித்துத்தான் அனுப்புவேன்.

அடுத்த பக்கத்தில் அவருடைய அட்டவணை இருக்கிறது. இரண்டு நிரல். இரண்டின் தலைப்பும் குவாச்சா. எது எந்த நாட்டினுடையது என்று கொப்பியில் எங்கேயும் இல்லை.