சைரஸ் அண்ணனின் பெயருக்காக

செவ்வாய்க்கிழமை மதியம், இந்த வெளிநாட்டில், விரி என்னும் புறநகரில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி வந்தது. சைரஸ் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அழுது முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. நம் தமிழ்ச் சங்கத் தலைவர் ரமேஷ். "இரங்கல் கூட்டத்துக்கு நான்தான் தலைமை. அவரும் நானும் எவ்வளவு நெருக்கம், உங்களுக்குத் தெரியாததா?" தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். அண்ணனை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் மன்னார்க்காரர். கிடங்கில் எனக்கு அடுத்த ஃபோர்க்லிஃப்டை ஓட்டியவர். பெயரைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "கூருஷ் எண்டதுதான் பழைய பாரசீகம். கிரேக்கர், ரோமர் வாயில விழுந்து சைரஸ் ஆச்சு. எங்கட பழைய வேதாகமத்தில கோரேஸ் ராசா. பாபிலோனில அடைபட்டிருந்த சனத்தை ஊருக்குப் போக விட்டவர். அப்பா ஆசையா வைச்ச பேர், தம்பி. ஆனா பாரும், நான் இன்னும் ஊருக்குப் போகேல்ல!" என்று சிரிப்பார்.

அந்தப் பெயரைத்தான் ரமேஷ் பிடித்துக்கொண்டார். சில வருடங்களுக்கு முன், மவுண்ட் ஆல்பர்ட் மண்டபத்தில் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு அண்ணனும் நின்றார், ஜெயித்தும் இருப்பார். ரமேஷ் மைக்கில் கேட்டார்: "பாரசீகப் பேரு வெச்சவர் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவரா? நல்லா இருக்குமா?" கூட்டம் சிரித்தது. ரமேஷ் என்பது எந்த ஊர்த் தமிழோ! நான் கொதித்து எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடும் தம்பி. பதிலுக்குக் கதைச்சா சங்கம் ரெண்டாப் போகும்." போட்டியிலிருந்து விலகிக்கொண்டு, கடைசி வரை இருந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் ரமேஷை மேடைக்கு அழைத்ததே நான்தான். வேண்டுமென்றேதான் அழைத்தேன். "நெருங்கிய நண்பராச்சே சார், அவர் பேருக்கு என்ன அர்த்தம்னு சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றேன். விழித்தார். "ஏதோ ராஜா பேரு…" என்று இழுத்தார்.

நானே சொன்னேன்: "சூரியன்னு பழைய கிரேக்கர் எழுதி வெச்சாங்க. இப்ப சில ஆய்வாளர்கள் வேற சொல்றாங்க சார். சொற்போர்ல எதிரியைத் தலைகுனிய வைக்கிறவன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ரமேஷையே பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மேடையை விட்டு இறங்கினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மறைப்பானேன்!

வாசலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் எப்பவோ மன்னிச்சிட்டார் தம்பி. நீங்களும் விடுங்கோ."

மன்னித்தது அவர், அண்ணி. நான் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது அன்று அவர் விழுங்கிய பதில். ரமேஷ் வந்து உட்காரும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்வேன்.