பெண் கிளிக்குப் பாதி விலை

அளவு அக்கா எனக்கு ஆறாயிரம் தர வேண்டியிருந்தது. இதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை, சந்தைக்கே தெரிந்த கடன்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். அடுத்தவன் கடையில் கூண்டு கழுவி, பன்னிரண்டே வருஷத்தில் அந்தக் கடையையே விலைக்கு வாங்கினேன். கிளி வியாபாரத்தில் எனக்கென்று ஒரு முறை உண்டு. பாதிப் பணம் இப்போது, மீதி கிளி வாய் திறந்த பிறகு. வேறு எந்தக் கடைக்காரனுக்கும் இந்தத் தைரியம் வராது. வாசலில் பலகையே மாட்டியிருந்தேன்: 'ஆண் கிளி பேசும், முழு விலை. பெண் கிளி பேசாது, பாதி விலை.'

அளவு அக்கா தையல்காரி. டயர் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி ஏறினால் அவளுடைய அறை. நோட்டு கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது. டேப்பைப் பிடித்தபடி "மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது" என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லுவாள். அவ்வளவுதான், ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் அரை அங்குலம் பிசகாது. எழுத்து எனக்கும் அவ்வளவாக ஓடாது என்பதால் அந்த ஒரு விஷயத்தில் அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. மற்ற எல்லாவற்றிலும் என் உயிரை வாங்கினாள்.

இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அவளுடைய அக்காவின் மகள் கல்யாணமாகிப் போனதும், அளவு அக்கா என் கடைக்கு வந்தாள்.

"பேசற கிளியா ஒண்ணு குடுங்கண்ணே. மெஷின் சத்தத்தையே கேட்டுக் காது மரத்துப்போச்சு."

சாம்பல் கிளி ஒன்றை எடுத்துத் தலையைத் தடவிப் பார்த்தேன். "தட்டைத் தலை. இது ஆண். பன்னிரண்டாயிரம்."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"துணியத் தொட்டதும் எத்தன தடவ தண்ணி பாத்ததுன்னு நீ சொல்லல? அந்த மாதிரிதான் தங்கச்சி."

ஆறாயிரம் கொடுத்துவிட்டு வாங்கிப் போனாள்.

மாதா மாதம் அந்த இருபத்திரண்டு படியையும் ஏறினேன்.

"பேசுச்சா?"

"இல்லண்ணே."

"நீ பேச்சுக் குடுக்கணும்மா."

"நான் தைக்கிறதா, அதுகூட வாயாடறதா?"

பொறுக்க முடியாமல் நானே ஒருநாள் கூண்டுக்கு முன்னால் நின்று "வணக்கம் சொல்லு, வணக்கம் சொல்லு" என்று அரைமணி நேரம் கத்தினேன். அது ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கடலையைக் கொறித்தது. சட்டை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாற்பது வருஷ அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை.

பதினைந்தாவது மாதம் அவளே கடைக்கு வந்தாள். பொத்தான் டப்பாவைத் திறந்து, பஞ்சுக்கு நடுவில் இருந்ததைக் காட்டினாள்.

"உங்க ஆண் கிளி முட்ட போட்டிருக்குண்ணே."

கடையில் நாலு பேர். எதிர்க்கடைச் சாவிக்காரன் ஸ்டூலோடு எழுந்து வந்துவிட்டான். "ஆணே முட்ட போடுதா? அப்ப விலைய இன்னும் ஏத்தலாமே அண்ணே."

அவள் பலகையைக் காட்டினாள். "பெண் கிளி பாதி விலைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. பாதி குடுத்தாச்சு. கணக்கு தீந்துது."

நானே பெயிண்ட் அடித்து வைத்த வார்த்தை. "சரி போ, பேசாத கிளிய வச்சு மாரடி" என்றேன்.

இரண்டு மாதம் கழிந்தது. சட்டையைத் தளர்த்தக் கொடுக்கப் போன என் வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவ டேப்பத்தான் எடுத்தா. அளக்கறதுக்குள்ள உங்க கிளி 'இடுப்பு நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு'ங்குது. அத்தன பேர் முன்னாடி."

"சரியாத்தானே சொல்லியிருக்கு?" என்று கேட்டது என் தப்பு. அன்றைக்குச் சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்ட கையோடு படியேறிப் போனேன். என் காதாலேயே கேட்டேன். கிளி அட்சர சுத்தமாக, அளவு அக்காவின் குரலிலேயே முழு உடம்பையும் அளந்துகொண்டிருந்தது.

"எப்பலேந்து?"

"முட்ட போட்டு ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிடுச்சு."

"ஏன் சொல்லல?"

"பெண் கிளி பேசாதுன்னு பலகையில இருக்கே. நீங்க எப்படி நம்புவீங்க?"

"பேசுதுல்ல, மீதிய எடு."

"பலகைய மாத்தி எழுதுங்க. பெண்ணும் பேசும்னு எழுதின அன்னிக்கே தரேன்."

"மூவாயிரம் குடு, பலகை அப்படியே இருக்கட்டும்."

"பாதி அளவுல சட்ட தைக்க முடியாதுண்ணே."

பதினொரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகையை மாற்றினால் நாற்பது வருஷப் பேச்சு போச்சு. மாற்றாவிட்டால், விற்ற பொருளுக்குக் காசு வாங்கத் தெரியாதவன் என்ற பெயர் வரும். அந்தப் பெயரை நான் எடுத்ததே இல்லை. இதற்கு நடுவில் இன்னொரு நினைப்பு வேறு வந்து தொலைத்தது. பேசாது, பேசாது என்று சொல்லியே எத்தனை பெண் கிளிகளைத் தள்ளிவிட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொன்ன பிறகு அவற்றோடு எவன் உட்கார்ந்து பேசியிருப்பான்? தட்டைத் தலை பார்த்து நான் ஆண் என்று விற்றதில் எத்தனை பெண்ணோ, எத்தனை ஆணைப் பெண் என்று பாதி விலைக்குக் கொடுத்தேனோ. அந்தக் கணக்கைப் போட்டால் எனக்குத்தான் நஷ்டம் என்பதால் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பலகையைக் கழற்றினேன். புதிதாக எழுத வைத்தேன்: 'ஆண் கிளியோ பெண் கிளியோ, பழக்கினால் பேசும். எல்லாம் ஒரே விலை.' இந்தச் சந்தையில் இதை முதலில் எழுதி மாட்டிய கடை என்னுடையதுதான், வேறு எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாவிக்காரன் வந்தான். "அப்போ நாப்பது வருஷமா சொன்னதெல்லாம்?"

"நாப்பது வருஷமா நீ வெட்டின சாவியெல்லாம் பூட்டத் திறந்துச்சா? போய் வேலையப் பாரு."

அளவு அக்கா கழுத்தில் டேப்போடு வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"பெண்ண முன்னாடி போட்டிருக்கலாம்."

"தாயே, காச எடு."

கையை நீட்டினேன். ஐநூறு ஐநூறாகப் பன்னிரண்டு தாள்களை, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.