வேலிக்குள் தங்கசாமி மகள்

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பில் புருஷனை வெட்டிக் கொன்றார்கள். வெள்ளையம்மாள் மீன்பிடித் தோணியொன்றில் பதுங்கித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தாள். பாஸ்போர்ட் இல்லை. போலீஸ் பிடித்து, கடலோரத்தில் முள்வேலி போட்ட தகரக் கொட்டகையில் அடைத்தது.

கொட்டகை அதிகாரி ராமசுப்பிரமணியன் அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

“ஏ கள்ளத்தோணி, உனக்கு எந்த ஊரு?”

“உச்சிப்புளிப் பக்கம்யா. தங்கசாமி மக. சின்னப் பிள்ளையில அய்யா அக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.”

“ஊர்க்காரன் எவனாச்சும் வந்து சொல்லணும். இல்லைன்னா வந்த வழியே அனுப்பிருவேன்.”

சித்தப்பா மகன் பூமிநாதனுக்குச் சொல்லியனுப்பினார்கள். அண்ணன் வருகிறான் என்றதும் அவள் முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு வேலியோரம் நின்றாள். தங்கசாமி விட்டுப்போன வயலை உழுதுகொண்டிருந்தவன் அவன்தான்.

“எங்க பெரியப்பாவுக்குப் பிள்ளையே கெடையாதுங்க” என்றான் அதிகாரியிடம். “இவ யாரோ களவாணி.”

“அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!”

அவன் மணலில் காறித் துப்பிவிட்டு நடந்தான். அவள் முள்கம்பியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளங்கை கிழிந்தது.

வீட்டுக்குப் போய் அவன் இதைச் சிரித்துக்கொண்டே மனைவியிடம் சொன்னான். கருத்தம்மாள் அதே ஊரில் பிறந்தவள், வெள்ளையம்மாளோடு விளையாடியவள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி வந்தாள்.

“இவ தங்கசாமி மகதான். எங்கூட ஊருணியில குளிச்சவ. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

“அப்ப உம் புருஷன் பொய் சொன்னானா?”

“ஆமா. வயலுக்காகச் சொன்னாரு.”

“இதுக்கப்பறம் உன்னைய வீட்டுல சேப்பானா?”

“அது என் பாடு. இவள விடுங்க.”

அவளிடம் பொறுப்புக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, “இவ ஓடிப்போனா உன்னையத்தான் உள்ள போடுவேன்” என்று உறுமி அனுப்பினார் அதிகாரி.

பூமிநாதன் கதவைத் திறக்கவில்லை. கருத்தம்மாளின் சேலைகள் தெருவில் கிடந்தன. இரண்டு பெண்களும் வயலோரப் புறம்போக்கில் குடிசை போட்டு, கூலிக்கு நாற்று நட்டார்கள். அவர்களை வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று அவன் வீடுவீடாகச் சொல்லிப் பார்த்தான். ஒரு கோடையில் குடிசை தீப்பிடித்தது. யார் வைத்தது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கட்டினார்கள்.

சோறாக்க ஆளில்லாமல் பூமிநாதன் ஒருமுறை சொந்தக்காரர்களோடு மனைவியை அழைக்க வந்தான். கருத்தம்மாள் வெளியே வரவில்லை. வெள்ளையம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

“வயல எழுதிக் குடுத்துட்டு அப்பறம் பேசு.”

அவன் எழுதிக் கொடுக்கவில்லை. சாகும்வரை தனியாகவே பொங்கித் தின்றான்.