நான் தளர்த்திய திருகு

என் மனைவிக்குக் கார் ஓட்ட வரும். வராது என்று அவளையே நம்பவைத்தவன் நான்.

இதைச் சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆயின. அதுவும் அவளிடம் சொல்லவில்லை... முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான். தெரியும்.

கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். சிறுசேரியில் எனக்கு மென்பொருள் வேலை. அப்போது என்னிடம் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. அதன்மேல் நான் வைத்திருந்தது பிரியமா, வெறியா, இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், திணித்த காற்றுக்குப் போக்கிடம் வேண்டும். காரோடு வரும் வால்வு அதைச் சத்தமில்லாமல் உள்ளேயே திருப்பிவிடும். நான் அதைக் கழற்றிவிட்டு, தனியாக வாங்கிய வேறொரு வால்வைப் பொருத்தினேன். அது காற்றை வெளியே துப்பும். 'ப்ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சீற்றம்... அந்த ஓசைக்காகத்தான் எல்லாம்!

வால்வின் தலையில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும், சீற்றம் குறையும். தளர்த்தினால் சீற்றம் நீளும். ஞாயிறு காலைகளில் நானும் நண்பன் கோபியும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வருவோம். திரும்பும் வழியில் ஒரு சவுக்குத் தோப்போரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்ப்பேன். கோபி கோவளத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன். ஒரு ஞாயிறு என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"போதும் மச்சான். இதுக்கு மேல லூஸ் பண்ணா வால்வு சரியா மூடாது. கால எடுத்து பிரேக் போட்டா வண்டி ஆஃப் ஆய்டும். சவுண்டு நல்லாத்தான் கீது... நடு ரோட்ல நின்னுகினு இன்னா பண்ணுவ?"

நான் சிரித்துக்கொண்டே இன்னும் சற்றுத் தளர்த்தினேன்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஆனால் எனக்கு அது தொல்லையாகப் படவில்லை. நிற்கப்போகும்போது பிரேக்கை மிதித்தபடியே வலது குதிகாலால் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டால் இஞ்சின் அணையாது. சில நாளில் என் காலுக்கு அது பழகிவிட்டது.

என் மனைவி தேன்மொழிக்கு அந்த ஆண்டுதான் வேலை கிடைத்தது, செங்கல்பட்டுக்கு அருகே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. அந்த வீட்டில் வேதியியல் படித்து முடித்த முதல் பெண். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏற வேண்டும் என்பதால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். நான் அலுவலக வண்டியில் போய்க்கொள்வது, காரை அவள் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

சாவியைக் கொடுத்தேன். திருகைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்தேனா? இல்லை. சொன்னால், "அப்ப இறுக்கி வெச்சுடுங்க" என்பாள். அவ்வளவுதான் காரணம். அவ்வளவு சின்னக் காரணம்!

முதல் வாரமே திருப்போரூரில், வளைவில் வேகம் குறைத்தபோது வண்டி அணைந்தது. பின்னால் பஸ். யாரோ ஒருவர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்பதை அவள் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த முறை, செங்கல்பட்டுச் சாலையில் ஒரு வேகத்தடைக்கு முன்னால். பின்னால் வந்த லாரி முழுதாக நிற்க முடியாமல் பம்பரை உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது.

"வண்டியில ஏதாவது கோளாறாங்க?" என்று கேட்டாள். "நான் கிளட்ச்ச மிதிச்சுத்தான் இருந்தேன்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. உலகத்திலேயே என்னிடமும் கோபியிடமும் மட்டும்தான் இருந்தது.

"வண்டில ஒண்ணுமில்ல. பயத்துல கிளட்ச்ச விட்டிருப்ப."

மென்மையாகத்தான் சொன்னேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். அதோடாவது விட்டிருக்கலாம்... மறுநாள் விடியலில், அவள் எழுவதற்கு முன் கீழே இறங்கிப்போய்த் திருகை இறுக்கினேன். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருப்போரூர் வரை ஓட்டிக்காட்டினேன். அதே வளைவில், ஒவ்வொரு வேகத்தடையிலும் காலை எடுத்தேன், பிரேக் போட்டேன். எங்கும் அணையவில்லை.

"பாரு" என்றேன்.

அவள் சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை வேறு யாருடையவோ என்பது போல.

அதன்பின் அவள் சாவியைத் தொடவில்லை. சில மாதங்கள் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாகப் போய்வந்தாள். பிறகு மகள் வயிற்றில் வந்தாள், அலைச்சல் முடியவில்லை, வேலையை விட்டாள். இப்போது வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நன்றாகச் சொல்லித்தருகிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

அந்தக் காரை விற்றபோது, வாங்க வந்தவரிடம் வால்வைப் பற்றி எல்லாம் விளக்கினேன். காரோடு வந்த பழைய வால்வையே மாட்டிக்கொடுத்தேன். முன்பின் அறியாத மனிதருக்கு ஆபத்து வரக் கூடாதாம்! எவ்வளவு நேர்மை, பார்த்தீர்களா?

இப்போதிருக்கும் காரில் கிளட்ச்சே கிடையாது. எத்தனையோ முறை ஓட்டச் சொல்லிவிட்டேன். "வேணாங்க, எனக்கு அது ஒத்துவரல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன மாதம் கல்பாக்கத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். தங்கை ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டாள் என்று அவள் கணவர் எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்தார். திரும்பும்போது மாமல்லபுரம் தாண்டினோம். தேன்மொழி கடல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"லாரி இடிச்ச அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த திட்டல. நான் அத மறக்கவே இல்ல."

வண்டியை ஓரம்கட்டிச் சொல்லியிருக்கலாம். சாலை காலியாகத்தான் இருந்தது.

"அதுல இன்னா இருக்கு" என்றேன்.

அவள் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீடுவரை நானே ஓட்டி வந்தேன்.