சுவரில் நின்ற ஆறு பேர்

வெயில் ஏற ஏற அந்தச் சுவரிலிருந்து ஆயில் பெயின்ட் வாசம் கிளம்பும்... இன்றைக்கும் பெயின்ட் கடையைத் தாண்டினால் எனக்குக் குவைத் ஞாபகம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஈராக்கோடு நடந்த போர் முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டதால் பழைய எல்லைச் சுவர் சும்மா நின்றது. அதை ஒட்டி எங்கள் கம்பெனி ஸ்டோர். பெயின்டரான என்னையே அதற்குக் காவலாகவும் போட்டுவிட்டார்கள். ஒரே ஆள். வாரம் ஒருமுறை தண்ணீர் லாரியில் வரும் பாகிஸ்தானி டிரைவர்தான் நான் பார்க்கும் மனித முகம். மற்ற நாளெல்லாம் வாயைத் திறக்க வேலையே இருக்காது.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஆறு பேரை வரைந்திருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். மேலே அரபியில் ஏதோ கோஷம். போரில் ஈராக்காரர்கள் பிடித்துக்கொண்டு போன ஆட்களாம், திரும்பி வரவே இல்லையாம்... டிரைவர்தான் சொன்னார்.

ஒருநாள் அவர் கேமரா கொண்டுவந்தார். அந்த ஆறு பேர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

மனைவி செல்வியிடமிருந்து பதில். "கூட நிக்கிறவங்க யாருங்க? பேரு என்ன?"

வெறும் படம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்... மனசு வரவில்லை. நான் தனியாகக் கிடப்பது தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மீசைக்காரர் யூசுஃப், டீ நன்றாகப் போடுவார். குட்டையாக இருப்பவர் ஹசன், குறட்டை தாங்காது... இப்படி அளந்துவிட்டேன். அவளும் ஒவ்வொரு லெட்டரிலும் விசாரிப்பாள். ஹசனுக்குக் கல்யாணமே செய்துவைத்தேன் என்றால் பாருங்கள்.

பிறகு ஒருநாள் மேனேஜர் வந்தார்.

"பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. சுவர் பூரா வெள்ளையா இருக்கணும். கலாஸ், அவ்வளவுதான்."

நானே ரோலரை எடுத்தேன். யூசுஃப் மீசை ஒரு கோட்டில் மறையவில்லை, மூன்று கோட் அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வார லெட்டரில் எழுதினேன்... "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

லீவில் ஊருக்குப் போனதும் உண்மையைச் சொன்னேன். செல்வி சிரிக்கவில்லை.

"அப்பவே தெரியுங்க. போட்டோவுல உங்களுக்கு மட்டுந்தானே நிழல் விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் அவங்களையே கேட்டுக்கிட்டு இருந்த?"

"முன்னெல்லாம் நாலு வரி எழுதுவீங்க. அவங்களப் பத்தி எழுத ஆரம்பிச்சப்புறம் நாலு பக்கம் வந்துச்சு."

இப்போது மகன் கத்தாரில், ராஸ் லஃபானில் வேலையில் இருக்கிறான். லெட்டராவது ஒன்றாவது, தினமும் வீடியோ கால்தான். "ரூம்ல நாலு பேரு இருக்கோம்மா, நல்லா இருக்கேன்" என்று போனைத் திருப்பிக் காட்டுவான்.

செல்வி விடமாட்டாள்.

"எல்லாரையும் கைய ஆட்டச் சொல்லுப்பா."