கோகிலவாணி அனுப்பும் எக்ஸ்ரே

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்கேன் சென்டர்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். டாக்டரின் ஃபோனில் ஓடும் ஆப் என் பொறுப்பு. ஆப் கேட்கும்போது சர்வரிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்துக் கொடுக்கும் வெப் சர்வீஸ் கோகிலவாணியின் பொறுப்பு. படம் வரவில்லை என்றால் டாக்டர்கள் என்னைத் திட்டுவார்கள், நான் போய் அவளைத் திட்டுவேன். அவள் திருப்பித் திட்டமாட்டாள். "எந்தப் படம், டேனி? யாரோட ஃபோன்?" என்று கேட்டபடியே லேப்டாப்பைத் திறப்பாள்.

பீர்க்கன்கரணைக்காரி. அப்பா சுப்பராயலு அங்கே நாலைந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். "வூட்டு வாடகையைப் பாத்துக்கினா போதாதா, இன்னாத்துக்கு ட்ரெயின்ல நசுங்கினு போறே?" என்று அவர் கேட்காத நாளில்லை. சிரித்துக்கொண்டே கிளம்பி, பெருங்களத்தூரில் ரயிலேறிவிடுவாள்.

அவள் கைக்கு வந்தபோதே அந்த சர்வீஸ் ஒரு தலைவலி. கம்ப்யூட்டருக்குப் படம் என்பது வெறும் பைட்டுகள், அதாவது எண்களின் வரிசைதான். முன்பு இருந்தவர்கள் அதை எழுத்துகளாக மாற்றி, நோயாளியின் பெயர், வயதோடு சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி மாற்றினால் படம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். முழுப் பொட்டலமும் வந்த பிறகே ஃபோன் அதைப் பிரித்துப் படமாக்க முடியும். நடுவில் சிக்னல் போனால் மொத்தமும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

எல்லோரும் அவசரப்படுத்த, அவள் படத்தைச் சுருக்கி அனுப்பும்படி செய்தாள். சட்டென்று திறந்தது. டாக்டர்கள் பாராட்டினார்கள். முதலாளி ராஜகோபால் சார் ஆபீசுக்கே ஸ்வீட் வாங்கிவந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அவளோ, "சென்டர்ல எப்படி வருதுன்னு நேர்ல பாத்துட்டு வரலாம், வா" என்று என்னை மேடவாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் எட்மண்ட் அண்ணன். அப்போதுதான் தனம் என்ற அக்காவுக்குக் கை எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தார். அப்பார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்கிறவர். தண்ணீர் லாரி நின்ற ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஜீவிதா ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்காக இருக்கும் என்று எழுதி அனுப்பினார். தனம் அக்கா நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

கோகிலவாணி தன் ஃபோனில் அதே படத்தைத் திறந்து, எட்மண்ட் அண்ணனின் பெரிய திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணா, மணிக்கட்டுகிட்ட முடி மாதிரி ஒரு கோடு இருக்கே, அது என்ன?"

"எது?" அவர் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆமா. ஏம்மா, ஃபோன்ல இது இல்லியா?"

இல்லை. படம் சுருங்கியதில் கோடு கரைந்திருந்தது.

அவர் டாக்டரைக் கூப்பிடுவதற்குள் கோகிலவாணி வாசலைத் தாண்டிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில், பஸ் படியில் கால் வைக்கப்போன தனம் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா, எதுனா வுட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்லக்கா. நான்தான் படத்தைச் சரியா அனுப்பல. டாக்டர் இன்னொரு தடவை பாக்கணும். வாங்க, நானும் கூட வரேன்."

எட்மண்ட் அண்ணன் ஃபிலிமாகவே எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே அவள் ராஜகோபால் சாருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், நான் செஞ்ச மாற்றத்தை எடுத்துடறேன். இப்பவே."

"மறுபடியும் லேட்டாகுதுன்னு டாக்டருங்க கத்துவாங்களேம்மா?"

"கத்தட்டும் சார். லேட்டானா லேட்டுன்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு கோடு காணாம போனா யாருக்குமே தெரியாது."

"சரி, எடுத்துடு" என்றார்.

ஃபிலிமைப் பார்த்ததும், எலும்பில் மெல்லிய விரிசல் என்றார் ஜீவிதா. மாவுக்கட்டு போட்டார்கள். தனம் அக்காவை ஆட்டோ சீட்டில் சாய்த்து உட்காரவைத்த பிறகுதான் கோகிலவாணி ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அடுத்த சில நாட்கள், சுருங்கிப் போன ஒவ்வொரு படத்துக்கும் அந்தந்த டாக்டரைக் கூப்பிட்டு, மறுபடி பார்க்கச் சொன்னாள். சிலர் எரிந்து விழுந்தார்கள். பார்த்து முடிக்கும்வரை விடவில்லை. நல்லவேளை, வேறு யாருடைய ரிப்போர்ட்டும் மாறவில்லை.

பிறகு சர்வீஸை முதலிலிருந்து எழுதினாள். பெயரும் வயதும் தனியாகப் போகும். படம் படமாகவே, ஒரு பைட்டு குறையாமல் போகும். வருவது எக்ஸ்ரே படம், எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே ஃபோனுக்குச் சொல்லிவிடும். சிக்னல் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சோதனையில் படம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்து என்று போய்விட்டதால், என் திரை முழுக்கக் கிறுக்கல்தான் வந்தது. "யார் கையெழுத்துடி இது?" என்றேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

சில டாக்டர்கள் இன்னும், "நடுவுல கொஞ்ச நாள் இதைவிட வேகமா வந்துச்சே?" என்று கேட்பதுண்டு. நான் மழுப்பப் பார்ப்பேன். அவள் ஃபோனை வாங்கி, தான் செய்த தப்பு என்ன, அதில் எது காணாமல் போனது என்று பொறுமையாகச் சொல்வாள். ஒருமுறை கேட்டவர் யாரும் மறுபடி கேட்டதில்லை.