முதுகெலும்பை நிமிர்த்திய டி.டி.பி. கடை

முதுகெலும்பு வளைந்த குழந்தைகளைப் பற்றிய என் ஆராய்ச்சிக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

டைப் செய்யக் கொடுத்திருந்த தேனாம்பேட்டை டி.டி.பி. கடைக்குப் போனேன். நான் பாம்பு மாதிரி நெளித்து வரைந்து கொடுத்த முதுகெலும்பு, கம்ப்யூட்டர் தாளில் கொடிக்கம்பமாக நின்றது.

“என்னங்க இது?”

“நீங்க வரைஞ்சது கோணலா இருந்துச்சு சார். டாக்டருங்க கை அப்படித்தானேன்னு நானே நேராக்கிட்டேன்,” என்றார் கடைக்காரர், பெருமையாக.

“ஐயோ, அந்தக் கோணலைச் சரிபண்ணத்தான் காசே கேக்கறேன்!”

“அதான் சரியாயிடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு சார் காசு?”

திரும்ப வளைக்க வைத்துத் தபாலில் சேர்ப்பதற்குள் எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது.

வருடா வருடம் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிற நிபுணர் குழுவில் இந்தக் கடைக்காரரும் இருக்கிறாரோ? நண்பர்களுக்கெல்லாம் நான் அனுப்பும் இந்த மெயிலைப் படிப்பவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.